ஜெய்சால்மரில் ஒருவர்

டம்ளர் தண்ணீரில் கட்டைவிரலை முக்கி, மேசைமேல் வரிசையாகக் கிடக்கும் ஏழு போன்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள் நிர்மலாதேவி. ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறவன், பழைய அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று சொட்டச் சொட்ட நின்றே போனில் பார்ப்பான். ஈர விரலுக்கும் பொத்தான் மசிய வேண்டும் என்பது அவள் கட்சி.

தென்காசியில் மாடி அறையொன்றில் நடக்கும் சின்னக் கம்பெனியில் வேலை. எந்த அருவியில் குளிக்க விடுகிறார்கள் என்று சொல்லும் செயலியை எல்லா அளவுத் திரையிலும் ஒழுங்காக உட்கார வைக்க வேண்டும். பெரிய போனில் ஜம்மென்று நிற்கும் அருவிப் படம், சின்னதில் தலை வெட்டுப்பட்டுப் போகும். "உச்சிய வெட்டிப்புட்டா தண்ணி எங்கன இருந்துட்டீ விழும்?" என்று தன்னையே வைதுகொள்வாள். பஸ்ஸில் பக்கத்து ஆளின் போன் என்ன அளவு என்று எட்டிப் பார்த்து நாலு பேரிடம் முறைப்பும் வாங்கியிருக்கிறாள்.

ஏழாவது போன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பட்டாளத்துக்குப் போய் இப்போது ராஜஸ்தான் எல்லையில் இருக்கும் அண்ணன் வேல்ராஜுக்கு முதல் சம்பளத்தில் இதே மாதிரி ஒன்றுதான் வாங்கிக் கொடுத்தாள். அவன் பார்த்த மாப்பிள்ளையை இவள் வேண்டாம் என்றாள். அதிலிருந்து மூன்று வருடமாகப் பேச்சில்லை. அம்மாவிடம் பேசுவான், இவள் கூப்பிட்டால் எடுக்க மாட்டான். "அந்தப் பழைய போனைத்தான் இன்னும் வச்சிருக்கானாம்ட்டீ," என்று அம்மா ஒருநாள் சொன்னாள். நிர்மலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அண்ணனை அவ்வளவு தேடுகிறது. சொல்லத்தான் வீம்பு விடுவதில்லை.

செயலியை எந்த ஊரில், எந்த அளவுத் திரையில், எத்தனை பேர், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று தினமும் ஒரு பட்டியல் வரும். அதன் கடைசி வரி, ஜெய்சால்மர், மிகச் சிறிய திரை, ஒருவர். அந்த மணல்காட்டில் இருந்துகொண்டு குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? அது அண்ணன்தான் என்று எழுதிக் கொடுக்கக்கூட அவள் தயார்.

முதலாளி அருமைநாயகத்துக்கு இந்தக் கதை தெரியாது. "ஒத்த ஆளுக்காவ ரெண்டு நாள் வேலையா? புது வெர்ஷன்ல அந்தச் சின்ன ஸ்கிரீனை விட்ரும்மா," என்றார். விட்டால் அந்த போனில் செயலி திறக்காது, பட்டியலில் அந்த வரியும் வராது.

"லீவுல வந்து நானே செஞ்சிருதேன் அண்ணாச்சி."

செய்தாள். அந்த அளவுக்கு மட்டும் லாட்ஜ் விளம்பரம், பஸ் நேரம் எல்லாவற்றையும் தூக்கிவிட்டாள். மேலே குளிக்க விடுகிறார்களா என்று ஒரு வரிச் செய்தி, கீழே உச்சியிலிருந்து பாறை வரை முழு அருவி.

சாரல் தொடங்கிய அன்று சாயங்காலம் பட்டியல் வந்தது. ஜெய்சால்மர், ஒருவர். எப்போதும் அரை நிமிடத்தில் மூடிவிடுகிறவர், இன்றைக்குப் பதினொரு நிமிடம் பார்த்திருந்தார்.

"நல்லா பாருண்ணே," என்றாள், தனக்கு மட்டும் கேட்கும்படி.

ஈரக் கையைத் துப்பட்டாவில் அழுந்தத் துடைத்தாள். ஏழாவது போனை எடுத்து அதே அருவியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரை மங்கும்போதெல்லாம் ஒரு விரலால் மெல்லத் தொட்டபடி உட்கார்ந்திருந்தாள்.