சுதீப்தாவின் விரல்கள்

கிரீஷ் கொல்கத்தாவில், காளிகாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டரோடு மாரடிப்பவன். முப்பத்தோரு வயது, ஆறடி உயரம். அம்மா வத்சலா முன்னால் மட்டும் வாய் திறக்காது. காஷ்மீரில் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போனதையே பெங்களூரில் டிரெயினிங் என்று சொல்லியிருந்தான். கால் முறிந்து வந்ததற்கு ஏதோ ஒரு மாடிப்படியின் மேல் பழி விழுந்தது.

நடந்தது வேறு. இடுப்பளவு புதுப்பனியில் தலைகுப்புற விழுந்தான். கால் இரண்டும் சறுக்குப் பலகையோடு பூட்டியிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை, வாயெல்லாம் பனி. கூட வந்த சுதீப்தா, மூன்று வருடமாக அவன் காதலித்த பெண், கையுறை நழுவிப் போனதைக்கூடப் பாராமல் வெறுங்கையால் தோண்டி அவன் முகத்தை வெளியே எடுத்தாள். ஆட்கள் வரும்வரை பனி சரியச் சரிய அள்ளிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் வாரம் அவனைப் பார்க்க வீட்டுக்கே வந்தாள். விரல் நுனியெல்லாம் பனியில் வெந்து கறுத்திருந்தது.

"ஆபீஸ்ல கூட வேலை பண்றாம்மா," என்றான் கிரீஷ். அவ்வளவுதான் சொன்னான், மகராசன்.

வத்சலா காபி கொடுத்துவிட்டு, கையில் என்ன என்று வங்காளியில் விசாரித்தாள். சுதீப்தா கிரீஷைப் பார்த்தாள். அவன் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவிடுக்குல மாட்டிக்கிச்சு, மாஷிமா."

வத்சலா உச்சுக்கொட்டிவிட்டு, மகனுக்குச் சென்னையில் ஜாதகம் பார்க்கும் கதையை எடுத்தாள். சுதீப்தா காபியைக் குடித்து முடித்து எழுந்து போனவள்தான். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டுப் புனே போய்விட்டாள். அவன் எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவேயில்லை. பாவி, அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?

கால் சரியாக எட்டு மாதம் பிடித்தது. கைத்தடியை விட்ட அன்று வத்சலா பாயசம் வைத்தாள். கிண்ணத்தின் முன் உட்கார்ந்தவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னான். வீடு ரெண்டாகும் என்றுதான் நினைத்தான்.

வத்சலா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்தக் கையிலயாடா டம்ளரைக் கொடுத்தேன்? கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தேனே! ஒண்ணும் சொல்லாம பிடிச்சிண்டிருந்தாளேடா."

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "போனைப் போடு. நான் பேசறேன் அவகிட்ட."

சுதீப்தாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆபீஸ்காரர்கள் அனுப்பிய படங்கள் அவன் போனில் இருந்தன. அம்மா நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அதையும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.