பன்னிரண்டும் நலம்

என் கணவர் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது, எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் மீன் எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் எண்ணுவேன். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து எண்ணுவேன். கதவைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினால், பாதி வழியில் திரும்பி வந்து எண்ணுவேன். எண்ணினால் கூடிவிடாது என்று தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்காது.

மீன்கள் எங்களுடையவை அல்ல. மேனேஜருடைய மகளின் மீன்கள். அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, மெட்ராஸில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரமாவது அங்கே தங்க வேண்டியிருக்கும். குடும்பத்தோடு கிளம்பும்போது கண்ணாடித் தொட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக முடிவானது. “நீங்க சயின்ஸ் படிச்சவங்க, பார்த்துக்குவீங்க” என்றார் மேனேஜர். நான் பி.யூ.சி.யில் ஒரு தவளையை அறுத்திருக்கிறேன். என் சயின்ஸ் அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்லவில்லை. பெரிய வீட்டிலிருந்து ஒரு பொறுப்பு வருகிறதென்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

மூன்றடித் தொட்டி. நாலு ஆட்கள் தூக்கி வந்து எங்கள் முன்னறையில் வைத்தார்கள். விரல் நீளத்தில் பன்னிரண்டு தங்கமீன்கள். நடுவில், அவர்கள் ராமேஸ்வரம் போனபோது வாங்கி வந்த பெரிய வெள்ளைப் பவளப்பாறை. தேன்கூடு மாதிரி அதில் ஏகப்பட்ட பொந்துகள். தொட்டிக்கு மேலே கம்பிவலை மூடி, அதைச் சுற்றிச் சணல் கயிறு. மீன்களை ஒரு அலுமினியக் குண்டாவில் போட்டு அந்தப் பெண்ணே சுமந்து வந்தாள், யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டியில் விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“தீனி ஒரு சிட்டிகைதான் போடணும் ஆன்ட்டி. பைப் தண்ணி ஊத்தக் கூடாது, மருந்து கலந்திருக்கும். ஓடைத் தண்ணிதான். ஞாயித்துக்கிழமை ஒரு பக்கெட் எடுத்துட்டு ஒரு பக்கெட் ஊத்துங்க.”

“சரி கண்ணு” என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர்கள் போன வாரத்திலிருந்தே விடாத மழை. என் கணவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. எங்களுக்குப் பால் ஊற்றுகிற அக்கா, கீழ்ச்சரிவில் கேழ்வரகு பயிரிடும் வீட்டுக்காரி, ஒரு நாள் பாலை ஊற்றியபடியே அவர் இருமுவதைக் காது கொடுத்துக் கேட்டாள்.

“ஏனுங்கம்மா, சாருக்கு நெஞ்சுல நொம்பச் சளி கட்டிருக்குதுங்க. நண்டு இடிச்சு ரசம் வெச்சுக் குடுங்க. ரெண்டே நாள்ல உட்டுரும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டே ஓடையில் நண்டு பிடித்து ஒரு சட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றாள். அவளுக்குத் தொட்டியைப் பார்ப்பதில் ஆசை. பால் ஊற்றியதும் உள்ளே வந்து ஐந்து நிமிடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். அன்றும் நின்றாள். “இத்தன மீனு இருக்குதே, ஒரு கொழம்புக்குக் காணுமுங்களா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை நண்டை இடித்து, மிளகு தூக்கலாகப் போட்டு ரசம் வைத்து, தொட்டிக்குத் தண்ணீரும் மாற்றிவிட்டு, சர்ச் மணியடிக்கும் முன்பே கோயிலுக்கும் போய்விட்டேன். ஒரே காலையில் இத்தனை வேலையை முடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். என் கணவருக்கும் இருமல் நன்றாகவே தணிந்தது.

செவ்வாய்க்கிழமை எண்ணினேன். பதினொன்று.

பவளத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்று நினைத்தேன். மத்தியானமும் பதினொன்றுதான். துள்ளி வெளியே விழுந்திருக்குமோ என்று கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், மிதியடிக்குக் கீழே எல்லாம் தேடினேன். கம்பிவலை கட்டியபடியே இருந்தது. செத்திருந்தால் மிதக்க வேண்டும். மிதக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை பத்து.

சனிக்கிழமை அந்தப் பெண்ணிடமிருந்து இன்லண்டு லெட்டர் வந்தது. ஒவ்வொரு மீனையும் கலர் பென்சிலில் வரைந்து அனுப்பியிருந்தாள். ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு, ஒன்றுக்கு வால் நுனி கிழிசல், இன்னொன்று எப்போதும் ஒருக்களித்து நீந்தும். அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: பன்னிரண்டும் உயிரோடு இருந்தால் அம்மாவும் உயிரோடு வீட்டுக்கு வருவார்கள் என்று நான் நினைத்திருக்கிறேன், அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

லெட்டரைக் கையில் பிடித்தபடியே தொட்டிக்குப் போய் மறுபடி எண்ணினேன். பத்து என்று எழுதினால் அந்தக் குழந்தை என்ன ஆவாள்? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அம்மா போய்விடுவாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருப்பாள்? பொய் சொல்லக் கூடாதென்று ஞாயிறுதோறும் எஸ்டேட் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறவள் நான். அன்று சாயங்காலமே பதில் எழுதினேன். “பன்னிரண்டும் நலம். உன் அம்மாவும் நலமாக வருவார்கள்.” எழுதி, ஒட்டி, மனசு மாறுவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் நினைப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. படித்தவள், ஜெபம் பண்ணுகிறவள், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு மீன் குறைந்தால் எங்கோ மெட்ராஸில் ஒரு உயிர் ஒரு அங்குலம் நழுவுகிறது என்றே தோன்றியது. என் கணவரிடம் சொன்னபோது அவர் எளிதாகத் தீர்ப்புச் சொன்னார்.

“சேலத்துல விக்கிறாங்க. பஸ்ல போயி ரெண்டு வாங்கியாந்து உட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி இப்படி அல்லாடறியே.”

“ஏனுங்க, நெத்தியில பொட்டு வெச்ச மீனு சேலத்துல எங்கீங்க கெடைக்கும்?” என்று லெட்டரை நீட்டினேன். காணாமல் போன இரண்டில் பொட்டு மீனும் ஒன்று. அவர் படத்தைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

பயந்தவள் புத்தி நேராக ஓடாது. என் புத்தி எங்கே ஓடியது என்று சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்குள் வந்து தொட்டிப் பக்கத்தில் நிற்கிறவர்கள் நாங்கள் இருவரைத் தவிர ஒரே ஒருத்திதான். குழம்புக்குப் போதுமா என்று கேட்டவளும் அவள்தான். நான் பின்கட்டில் பால் காய்ச்சப் போகும் நேரத்தில் அவள் தனியாகத்தான் நிற்கிறாள். மூன்றாவது மீன் போன அன்று முடிவு செய்தேன். மறுநாள் அவள் வருவதற்கு முன்பே சொம்பை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றேன்.

“மழையில நீங்க எதுக்குங்கம்மா வர்றீங்க? நா ஊட்டுக்கே வந்து ஊத்த மாட்டனுங்களா?” என்றாள்.

“பரவால்லக்கா, தரை துடைச்சிருக்கு” என்றேன்.

அடுத்த நாளும் தரை துடைத்திருந்தது. அதற்கடுத்த நாளும். அவள் பாலை அளந்து ஊற்றிவிட்டு, என் தோளுக்கு மேலாக மூடியிருந்த கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

கதவை மூடிய பிறகும் மீன் குறைந்தது. எட்டு ஆனது. அப்போதே அவள் மேல் தப்பில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நாலு நாள் மூடிய கதவை என்ன சொல்லித் திறப்பது? வெட்கத்தில் மூடியே வைத்திருந்தேன். இதற்கிடையில் இரண்டாவது லெட்டர் வந்தது. புதன்கிழமை ஆபரேஷன். தினமும் எண்ணுகிறீர்களா ஆன்ட்டி என்று கேட்டிருந்தாள். எண்ணுகிறேன் கண்ணு, பன்னிரண்டும் நலம் என்று மறுபடி எழுதினேன். முதல் பொய்யில்தான் எழுத்து கோணலாக விழுந்தது. இரண்டாவது பொய் கோணல் இல்லாமல் அழகான கையெழுத்தில் வந்தது.

புதன்கிழமை காலை ஏழு.

அன்று மத்தியானம் மூணு மணிக்கு மூடுபனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே இருந்த சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. கரண்டும் போய்விட்டது. பட்டப்பகலில் வீடு கும்மிருட்டாக ஆனது. ஆபரேஷன் நடந்துகொண்டிருக்குமா, முடிந்திருக்குமா என்று தெரியாமல் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் பண்ண ஆரம்பித்து, ஜெபத்தின் நடுவிலேயே மறுபடி எண்ணத் தொடங்கிவிட்டேன். அப்போது பவளத்தின் பெரிய பொந்தில் ஏதோ அசைந்தது. கல்லே நகருகிறது என்று நினைத்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு கொடுக்கு வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. ராத்திரியாகிவிட்டது என்று அதற்கு நினைப்பு போலிருக்கிறது. நிதானமாக முன்னால் வந்து, அடியில் அசையாமல் நின்ற ஒரு மீனை நோக்கிக் கொடுக்கை விரித்தது. நான் கண்ணாடியில் ஓங்கி அறைந்தேன். மீன் விலகியது. நண்டு பொந்துக்குள் போய்விட்டது.

அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். அந்தச் சனிக்கிழமை ராத்திரி நண்டுகள் சாகக் கூடாதென்று பக்கெட்டில் ஓடைத் தண்ணீர் நிரப்பி, அக்கா சட்டியில் வைத்திருந்த பாசியோடும் சருகோடும் அதில்தான் கொட்டி வைத்தேன். காலையில் நண்டுகளைப் பொறுக்கி எடுத்த பிறகு ஒரு பக்கெட் ஓடைத் தண்ணீர் மிச்சம். மழையில் மறுபடி ஓடைக்கு யார் இறங்குவது? பெரிய சருகை மட்டும் அள்ளி எறிந்துவிட்டு, பக்கெட்டை அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன். சிக்கனம். ஒரே காலையில் எல்லா வேலையையும் முடித்த சாமர்த்தியம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது நான்தான், பழி போட்டது வேறொருத்தி மேல்.

மூடுபனி கொஞ்சம் விலகியதும் சரிவில் இறங்கி அவள் வீட்டுக்கே போய் அழைத்து வந்தேன். வழியில், தொட்டிக்குள் நண்டு இருப்பதை மட்டும் சொன்னேன். அவள் வந்து, பவளத்தை மெல்லத் தூக்கிக் கவிழ்த்து, நண்டைப் பின்பக்கமாக இரண்டு விரலில் பிடித்து எடுத்தாள். உள்ளங்கை அளவுகூட இல்லை.

“நாங் குடுத்ததுதானுங்க. ஏழு புடிச்சேன். நீங்க எத்தன இடிச்சீங்க?”

“எண்ணலக்கா” என்றேன். அந்த மாதம் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

அவள் நண்டைச் சேப்பங்கிழங்கு இலையில் சுற்றினாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

“நீங்க எதுக்குக் கதவச் சாத்துனீங்கன்னு எனக்குத் தெரியுமுங்கம்மா. என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா, அன்னைக்கே கையை உட்டுப் பாத்திருப்பனுங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிச்சுக்கங்கக்கா என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததோ இல்லையோ. மறுநாளிலிருந்து பால் வந்தது, அவள் உள்ளே வரவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம், காலெல்லாம் சேறுங்க என்றாள்.

வியாழக்கிழமை எஸ்டேட் ஆபீசுக்கு டிரங்க் கால் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டியில் கெடுதல் இல்லை. என் கணவர் குடைகூட எடுக்காமல் ஓடி வந்து சொன்னார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் பாதி, மிச்சப் பாதி அந்த இரண்டு லெட்டர்களுக்காக.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். அம்மா மெலிந்துபோய், கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். அந்தப் பெண் அவளுடைய வீட்டுக்குள் போகவே இல்லை. நேராக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். கண்ணாடியில் விரலை வைத்து எண்ணினாள். ஏழு. மறுபக்கம் போய் நின்று எண்ணினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கெட்டை, நண்டை, மூடிய கதவை, பன்னிரண்டு என்று எழுதிய இரண்டு லெட்டர்களை.

அவள் கவனமாகக் கேட்டாள். அழவில்லை.

“ஆபரேஷன் அன்னிக்கு எத்தனை இருந்துச்சு ஆன்ட்டி?”

“ஏழு.”

“ஆனா எனக்குப் பன்னெண்டு.” விரல் விட்டு எதையோ கணக்குப் போட்டாள். “நீங்க ஏழுன்னு எழுதியிருந்தா அம்மா செத்துருப்பாங்களா?”

“இல்ல சாமி” என்று அவள் கையைப் பிடித்தேன். “அம்மாவுக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்ல. மீன் எத்தனை இருந்திருந்தாலும் அம்மா பொழச்சிருப்பாங்க.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டிலிருந்து நான் அவளுக்குச் சொன்னதிலேயே அவள் கட்டாயம் நம்ப வேண்டிய வார்த்தை அதுதான்.

“இது நெஜமா, ஆன்ட்டி? இல்ல, லெட்டர்ல எழுதுன மாதிரியா?”

நிஜம்தான் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஏழு மீன்களையும் அன்று அவள் விட்டுப்போயிருந்த குண்டாவில் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். ரோட்டுக்குப் போவதற்குள் இரண்டு தரம் நின்று, மூடியைத் தூக்கி எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.