கடல்கட்டிக்கு ஒரு குரல்

எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க பேஸ் பாடியவர். கோயில் கொயரின் கடைசி வரிசையில், வலது ஓரத்தில், வெள்ளை முழுக்கைச் சட்டையோடு நிற்பார். சர்ச் என்பதை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். கொயர் என்ற பாட்டுக் குழுவில் நான்கு குரல். எல்லாருக்கும் தெரிந்த ராகத்தை மேலே சொப்ரானோ பாடும். அடியில் கிடந்து அதைத் தாங்குவது பேஸ். குளியலறையில் தனியாகப் பாடும்போதும் அப்பா பேஸ்தான் பாடுவார், ராகத்தைப் பாடமாட்டார். அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிப்பது எனக்கும் அக்காவுக்கும் ஒரு விளையாட்டு. பெரும்பாலும் தோற்றுப்போவோம்.

நான் கிதார்க்காரன் ஆனேன். அதிலும் ஊரில் யாருக்கும் விளங்காத வகை. சிம்ஃபனிக் பவர் மெட்டல் என்று சொன்னால், ஏதோ இரும்பு வியாபாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். கிதாரும் டிரம்ஸும் தலைதெறிக்க ஓடும். பின்னால் வயலின், எக்காளம், பெரிய கொயர் என்று ஒரு பட்டாளமே வரும். பாட்டில் வாள் இருக்கும், டிராகன் இருக்கும், ராஜ்ஜியம் ஒன்று விழுந்து எழும். பெங்களூரில் என் பேண்ட் பல வருடம் இதைத்தான் வாசித்தது. பனிமலையையும் ஓநாயையும் பற்றி உருகி உருகிப் பாடினோம். நான் பனிக்கட்டியைக் கண்ணால் பார்த்தது எங்கள் தூத்துக்குடியில் மீன் ஏற்றும் ஐஸ் லாரியில் மட்டும்தான். இதைச் சொன்னால் எங்கள் பாடகனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

எங்கள் முதல் சிடியை அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தேன். துறைமுகக் கிடங்கில் மேற்பார்வை பார்த்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். முடிந்ததும், "எல்லாம் சரிதாம்ல. பேஸ் எங்க?" என்றார். அவ்வளவுதான். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை, நல்லா இல்லை என்றும் இல்லை. அதற்குப் பிறகு என் பாட்டைக் கேட்கவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கொடுக்கவில்லை. பெங்களூருக்குப் போகும் பஸ்ஸில் பாதி வழி தாண்டும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கிதார் அத்தனை சத்தத்தில் இருந்தால் பேஸ் எப்படிக் கேட்கும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம்.

பேண்ட் உடைந்தது. சண்டை எல்லாம் இல்லை. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு நாடு. அந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள்.

"ஏலே, அப்பாவுக்கு வலது கையும் காலும் வெளங்கல. பேச்சும் போயிட்டு. கெளம்பி வா."

வந்து பார்த்தேன். அப்பாவிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். "அது." தண்ணீர் வேண்டுமென்றாலும் அது, ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றாலும் அது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் அக்கா அந்த ஒரு சொல்லின் அகராதியை எப்படியோ படித்துக்கொண்டாள். எனக்குப் பிடிபடவில்லை. நான் தப்பாகப் புரிந்துகொண்டு எதையாவது எடுத்து நீட்டும்போது, அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக "அது" என்பார். அதன் அர்த்தம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் ஊரிலேயே தங்கிவிட்டேன். ஒரு ஷிப்பிங் ஏஜென்சி ஆபீசில் வேலை. அங்கே பக்கத்து மேசையில் கீழவைப்பார் என்ற கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். முத்துக்குளித்த காலத்தைப் பற்றி ஒருநாள் டீக்கடையில் சொன்னார். படகுகள் கடலுக்குள் சிப்பி விளையும் முத்துப்பாருக்குப் போகும்போது ஒருவர் கரையில் உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பாராம். கடல்கட்டி என்று பேர். சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. குளிக்க இறங்கியவர்கள் எல்லாரும் மேலே வரும்வரை மந்திரத்தை நிறுத்தக்கூடாது. என் டீ ஆறிப்போனது. பனிமலை, ஓநாய் என்று இத்தனை வருடம் எவன் வீட்டுக் கதையையோ வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

அப்படிப் பிறந்ததுதான் என் சொந்த ஆல்பம். பேரும் கடல்கட்டிதான். கடலுக்கு அடியில் ஒரு முத்து ராஜ்ஜியம். அதைச் சுற்றிச் சுருண்டு தூங்குகிறது ஒரு டிராகன். கரையில் ஒற்றை மனிதன் அதன் வாயைக் கட்டி மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசிப் பாட்டில் அவன் மந்திரம் முடியவே முடியாது. சத்தம் மட்டும் தேய்ந்து தேய்ந்து போகும். அவன் நிறுத்தினால் டிராகன் விழித்துவிடும் அல்லவா? என் கதையின் உயிர் அந்த முடியாத முடிவில்தான் இருந்தது.

வயலினையும் எக்காளத்தையும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம். கொயரையும் செய்யலாம், ஆனால் அது செத்த கொயர். அதனால் எங்கள் கோயில் கொயரிடம் போய்க் கேட்டேன். அப்பாவுக்குப் பக்கத்திலேயே காலமெல்லாம் நின்று டெனர் பாடிய அண்ணாச்சிதான் பதில் சொன்னார்.

"டிராகன்னா வலுசர்ப்பம்லா தம்பி? பைபிள்ல, வெளிப்படுத்தல்ல வார சாத்தான்லா அது? அதுக்குப் போயி நாங்க பாடுனா நல்லாவா இருக்கும்?"

"அண்ணாச்சி, இது கதை."

"கதைதான். ஆனா எங்க தொண்டை நெசமுல்லா?"

வீட்டுக்கு வந்து கதவை ஓங்கிச் சாத்தினேன். அக்கா சிரித்தாள். அப்பா உள்ளே கட்டிலில் இருந்து "அது" என்றார். கதவை மெதுவாகச் சாத்து என்று அர்த்தமாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா துணி மடித்துக்கொண்டே ஒரு ஞானப்பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். இரண்டாவது அடியில் கீழ் ஸ்தாயியில் இன்னொரு குரல் சேர்ந்தது. ரேடியோ என்று நினைத்தேன். அப்பா. வார்த்தையோடு, சுருதியோடு, ஒரு எழுத்து பிசகாமல் பேஸ் பாடிக்கொண்டிருந்தார். தண்ணீர் என்று கேட்கத் தெரியாத வாய். அக்கா பாடுவதை நிறுத்தவில்லை. மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, நான்கு சரணத்தையும் பாடி முடித்தாள். பேச்சுக்கும் பாட்டுக்கும் மூளையில் வேறு வேறு இடம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவரே இன்னொன்றும் சொன்னார். மறுபடி ஒரு ஸ்ட்ரோக் வர வாய்ப்பு இருக்கிறது, வந்தால் இதுவும் போய்விடலாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். அந்தக் குரலைப் பிடித்து வைத்துவிட வேண்டும். கடல்கட்டியின் குரல் அப்பாவின் குரலாக இருக்க வேண்டும். ஆல்பம் முடிந்ததும் அவர் காதில் ஹெட்போனை வைத்து, இதோ பேஸ் என்று காட்டவேண்டும்.

மந்திரத்துக்கு நான் எழுதிய சொற்கள் அவர் வாயில் நிற்கவில்லை. புதுச் சொல் எதுவுமே நிற்கவில்லை. நான் கிதாரில் வாசித்துக் காட்டியபோது அவராகவே சோல்ஃபாவில், அதாவது மேற்கத்திய சரிகமவில், பாடினார். டோ, டோ, சோ, லா. எங்கள் கொயர்க்காரர்கள் எழுத்துப் படிக்கிற வயதிலேயே சோல்ஃபாவும் படித்துவிடுகிறவர்கள். எந்தப் பாட்டானாலும் முதலில் அப்படிப் பாடிப் பார்த்துவிட்டுத்தான் வார்த்தைக்கு வருவார்கள். சரி, கடல்கட்டியின் மந்திரம் சோல்ஃபாவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒலிப்பதிவு. ஜன்னலை அடைத்து மெத்தையைச் சாய்த்துவைத்தோம். சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தினோம். உப்பு லாரி போகிற ரோடு, அதிலும் சித்திரை வெயில். மைக்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, பாடுங்கப்பா என்றேன். அவர் பாடவில்லை. பனியனைத் தொட்டுக் காட்டி "அது" என்றார்.

"சட்டை கேக்காருல," என்றாள் அக்கா. "கொயருக்கு நிக்கும்போது பனியனோடயா நிப்பாரு?"

வெள்ளை முழுக்கைச் சட்டையைப் போட்டுவிட்டு, விளங்காத கைக்கும் சேர்த்து மணிக்கட்டுப் பொத்தானைப் பூட்டினாள். அப்புறமும் பாடவில்லை. இடது கையைக் கட்டிலில் ஊன்றி எழும்பப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டு பாட மாட்டாராம். நான் பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரை அக்கா பார்த்துக்கொண்டாள்.

அவர் பாடினார். என் நெஞ்சு அவர் முதுகில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் என் எலும்புக்குள் அதிர்ந்தது. சின்னப் பிள்ளையில் அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து இப்படி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவரைத் தொட்டதே இல்லை. எங்கள் வீடுகளில் வளர்ந்த மகன் அப்பாவைக் கட்டிப்பிடிப்பது கிடையாது. எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது, அவர் பாடி முடிக்கவே கூடாது என்று.

முடித்தார். முடித்ததோடு நிற்காமல், மூச்சை இழுத்து, "ஆமென்" என்று பாடினார். எங்கள் கோயிலில் பாட்டு முடிந்தால் ஆமென் மூன்று தரம், ஒன்றைவிட ஒன்று மெதுவாக. மூன்றையும் பாடினார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

"அப்பா, ஆமென் வேண்டாம்," என்றேன். "இது முடியாத பாட்டு. கடல்கட்டி நிறுத்தினா டிராகன் முழிச்சிரும்."

சரியென்று தலையை ஆட்டினார். மறுபடி பாடினார். மறுபடி மூன்று ஆமென். அடுத்த தடவையும் அப்படித்தான். பெருக்கல் வாய்ப்பாட்டை ராகம் போட்டுக் கொடுத்திருந்தாலும் ஆமென் போட்டுத்தான் முடித்திருப்பார். எனக்கு எரிச்சல் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் கால் நடுங்க ஆரம்பித்ததும் போதும் என்று உட்காரவைத்தோம். போகட்டும், எடிட்டிங்கில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மிக்சிங் வேலை இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு பாட்டிலும் கிதாரைக் குறைத்தேன், பேஸைத் தூக்கினேன். அப்பா இடையில் ஹெட்போனைக் காட்டி "அது" என்று கேட்பார். முடியட்டும்ப்பா, முழுசாக் கேளுங்க என்பேன். ஐப்பசி மழையில், ஒரு காலை நேரத்தில், காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் சொன்னது நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். அவர் ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை.

நெடுநாள் கழித்துக் கடைசிப் பாட்டைத் திறந்தேன். ஆமெனை வெட்டவேண்டும். கோடு போட்டு வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பேச்சு போன பிறகு அவர் வாயிலிருந்து நான் பிடித்துவைத்த ஒரே சொல் ஆமென்தான். மற்றதெல்லாம் வெறும் ஸ்வரம். கை வரவில்லை. கதையா, அப்பாவா என்று கேட்டால் என்ன செய்ய? அக்காதான் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னல, வெட்டப் போறியா?"

"வெட்டலன்னா கதை கெட்டுரும்க்கா. அவன் நிறுத்தக் கூடாது."

"எறங்குனவங்க எல்லாம் கரையேறிட்டா நிறுத்தலாம்லா?" என்றாள். "பாவம், எவ்வளவு நேரம்தான் அங்கன உக்காந்திருப்பாரு."

அன்றைக்கே பாட்டில் இன்னொரு சரணம் எழுதினேன். ஒவ்வொருவராக மேலே வருகிறார்கள். படகுகள் கரை தட்டுகின்றன. இனி அவர் நிறுத்தலாம். அதற்குப் பிறகு எல்லா வாத்தியமும் அடங்கி, அந்த ஆமென் மட்டும் தனியாக வரும்படி வைத்தேன்.

ஆல்பம் இணையத்தில் வெளியானது. கேட்கிறவர்கள் கேட்டார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

வருட நினைவு ஜெபத்துக்குக் கொயர்க்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து, கேக்கும் டீயும் கொடுத்தோம். அக்கா யாரையும் கேட்காமல் ஸ்பீக்கரில் கடைசிப் பாட்டைப் போட்டுவிட்டாள். டிரம்ஸ் தடதடவென்று வந்ததும் ஒரு அம்மா காதைப் பொத்தினார். டெனர் அண்ணாச்சி மரியாதைக்காக டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எப்போது முடியும் என்றிருந்தது. எழுந்து நிறுத்தப் போனேன், அக்கா முறைத்தாள்.

வாத்தியங்கள் அடங்கின. சுவரில் படமாக இருந்தவர் ஹாலுக்குள் முதல் ஆமெனைப் பாடினார்.

டெனர் அண்ணாச்சி கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். இரண்டாவது ஆமெனில் அவர் குரல் போய்ச் சேர்ந்துகொண்டது. கண்ணை மூடியிருந்தார். கொயர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம், பேஸைத் தனியாக விடமாட்டார்கள். மூன்றாவதற்கு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். காதைப் பொத்திய அம்மா சொப்ரானோ, அக்கா ஆல்ட்டோ, நான்கு குரலும் கூடி வீடு நிறைந்தது. எந்தக் கொயரைக் கேட்டு அலைந்தேனோ அந்தக் கொயர்.

நானும் நின்றேன். வாயைத் திறந்தேன். எனக்குத்தான் சத்தம் வரவில்லை.