முன்னால் நடந்து நட்டவள்

கையில் நாற்று முடியோடு சேற்றில் முன்னோக்கி நடந்துகொண்டிருந்தாள் சிலோன் அக்கா. அப்படித்தான் அவளை முதன்முதலில் வயலில் பார்த்தேன். நடுகிறவர்கள் பின்னால் பின்னால்தான் போக வேண்டும். அவளோ தான் ஊன்றிய நாற்றைத் தானே மிதித்துக்கொண்டு போனாள். "என்னா சிலோன்காரி, தேயிலையா பறிக்கிற? பின்னால வா" என்று வரிசையே சிரித்தது. அவள் நிமிர்ந்து, "மலையில பின்னால கால வச்சா பள்ளம். இங்க பின்னால போனாத்தான் சோறு போலருக்கு" என்றாள். அந்தப் பேச்சை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். இன்னும் சலிக்கவில்லை.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவள். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு, புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளுமாக, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் தெருவுக்கு வந்தாள். அவள் தாத்தா கப்பலேறப் புறப்பட்ட தெரு அது. எங்கள் விவசாயக் கூலிச் சங்கத் தலைவர் மாலை போட்டு, "நம்ம ரத்தம்" என்று பேசினார். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அந்த வருஷம் கூலிச் சண்டை. மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். நாங்கள் லாரிக்கு முன்னால் படுத்து மறித்தோம். அக்காவும் படுத்தாள், போலீஸ் அடியும் வாங்கினாள். கடைசியில் ஜெயித்தோம்: இனி நடவுக்கு உள்ளூர் ஆட்கள் மட்டும்தான். உள்ளூர் ஆட்கள் யார் யார் என்று சங்கத்திடம் பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். பெண்களில் எழுத்துக்கூட்டி எழுதப் பழகியிருந்தவள் நான் ஒருத்திதான். அக்காவின் பெயரையும் எழுதினேன்.

"சிலோன்காரி எப்படி உள்ளூரு?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "இன்னிக்கு இவளச் சேத்தா, நாளைக்கு மிராசு நாப்பது பேரக் கொண்டாந்து இவங்களும் உள்ளூருதாம்பாரு." தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பேர அடிச்சிரும்மா" என்றார். அடித்தேன்.

இப்போது அதே வயலில் வங்காளத்து ஆட்கள் நடுகிறார்கள். உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. தலைவருக்கும் சொந்தமாக நிலம் வந்துவிட்டது. தள்ளாத வயதிலும் வரப்புக்கு டீ கொண்டுபோய், "வாங்க தம்பி, சாப்பிடுங்க" என்கிறார். அந்தக் குரலில் அவ்வளவு குழைவு. கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு கசக்கிறது.

பட்டியல் கொடுத்த மறுநாள் காலை, சேலையை வரிந்துகட்டிக்கொண்டு வரப்பில் வந்து நின்றாள் அக்கா. தடுத்துவிட்டார்கள். என்னைத்தான் கேட்டாள்:

"எம்பேரு விட்டுப்போச்சா, இல்ல எழுதிட்டு அடிச்சிட்டாங்களா?"

"எழுதவே இல்லக்கா. விட்டுப்போச்சு."

அவள் முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன். அப்ப நீ போயி எழுதிட்டு வந்துரு. நான் இங்கயே நிக்கிறேன்."

நான் வயலில் இறங்கிவிட்டேன். உச்சிவெயில் வரைக்கும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.