பந்து பட்டா கை தூக்கறவரு

போத்தனூர்ல வாலிபால் பைனல் அன்னைக்கு எங்க டீமுக்கு ஓராளு குறைஞ்சுபோச்சு. சர்ச்சு முடிஞ்சு சைக்கிள்ல வந்துட்டிருந்த ஒருத்தரப் புடிச்சு எறக்கிப்போட்டோம். வழுக்கைத் தலை, குட்டித் தொப்பை, முழங்கால் வரைக்கும் மடிச்சுவுட்ட வெள்ளை பேண்ட்டு. பைபிளை நான் கழட்டி வெச்சிருந்த சட்டை மேல வெச்சாரு. "பாத்துங்ணா, என் சட்டை ஞானஸ்நானம் வாங்கிரப்போகுது"ன்னேன். சிரிச்சாரு.

ஆனா மனுசன் எகிறுனா ரெண்டு கையும் வலைக்கு மேல செவுரு மாதிரி நிக்கும். ஒரே ஒரு கெட்ட பழக்கம். வெளிய போற பந்து அவரு விரல்ல லேசாப் பட்டிருந்தாலும், அம்பயர் பாக்காட்டியும், அவரே கையத் தூக்கி "பட்டுருச்சுங்க"ம்பாரு. பாயிண்ட்டு எதிர் டீமுக்குப் போயிரும்.

கடைசில ஒரு பாயிண்ட்டு எடுத்தாக் கப்பு எங்களுக்கு. எதிர் டீம் மதுக்கரைக்காரன் அடிச்ச பந்து வெளிய போச்சு. அம்பயர் அவுட்டுன்னாரு, நாங்க குதிச்சோம். இவரு கையத் தூக்கிட்டாரு. ரெண்டு பக்கமும் சமம்.

நான் நேரா அவருகிட்டப் போனேன். "ஏனுங்ணா, பாதிரியாரு சொல்றதையெல்லாம் சர்ச்சோட வெச்சுக்கக் கூடாதுங்களா?"

"சர்ச்சுல எம்மேல பந்து படறதில்லீங்களே தம்பி"ன்னாரு.

எங்கூரு ரூல்ல ரெண்டு பாயிண்ட்டு வித்தியாசமெல்லாம் கெடையாது, அடுத்த பாயிண்ட்டு எடுக்கறவங்களுக்குக் கப்பு. நான் அடிச்ச பந்து வெளிய போச்சு. அம்பயரும் அவுட்டுன்னுபோட்டாரு. வலைக்கு அந்தாண்ட நின்ன மதுக்கரை நெட்டையன் இவரைப் பாத்தான். தலையச் சொறிஞ்சான். அப்பறம் மெதுவாக் கையத் தூக்குனான்.

"என் விரல்ல பட்டுருச்சுங்க."

கப்பு எங்களுக்கு. ரெண்டு டீமும் சேந்து அவரைத் தோள்ல தூக்கிக் கிரவுண்டையே சுத்துனோம். பேரு கேக்கறதுக்குள்ள சைக்கிளேறிப் போயிட்டாரு.

இன்னைக்கும் பந்து விரல்ல உரசுனா என் கை தானா மேல போகுது. டீம்ல எல்லாரும் திட்டறானுக. சர்ச்சுப் பக்கமே போகாத எனக்கு எதுக்குங்க இந்த வம்பு?