செல்லசாமி இறக்கிய பியானோ

குன்னத்துகால் செல்லசாமியை நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். முன்கோபி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார். வாயை மூடத் தெரியாதவர் என்று சொல்லுங்கள், சிரிப்பார். நோக்குகூலி வாங்குகிறவன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே உங்கள் முகத்துக்கு முன்னால் வந்து நிற்பார்.

நோக்குகூலி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் கேரள எல்லைப் பக்கம் ஒவ்வொரு ஏரியாவுக்கும் சுமட்டு, அதாவது சுமை தூக்கும் தொழிலாளிகளின் ஒரு செட்டு உண்டு. லாரியில் என்ன வந்தாலும் அவர்கள்தான் இறக்குவார்கள். நீங்கள் கிரேன் வைத்து இறக்கினாலும் சரி, சொந்த ஆள் வைத்து இறக்கினாலும் சரி, பக்கத்தில் நின்று பார்த்ததற்கென்று ஒரு கூலி கேட்கிற மகராசன்களும் உண்டு. அதுதான் நோக்குகூலி. சர்க்கார் அதற்குத் தடை போடுவதற்கு எவ்வளவோ முன்னாலேயே செல்லசாமி தன் செட்டில் தடை போட்டுவிட்டார். ஒரு வீட்டுக்காரர் கிரேன் வைத்து ஜெனரேட்டரை இறக்கிவிட்டுத் தானாகவே பணத்தை நீட்டினார். செல்லசாமி அதை அவர் சட்டைப்பையிலேயே செருகி வைத்துவிட்டு வந்தார். செட்டில் பாதிப்பேர் அன்றைக்கு அவரோடு பேசவில்லை. அவருக்கு அதுபற்றி ஒரு கவலையும் இல்லை.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்குச் சாக்கு சுமக்க வந்த காலத்திலிருந்து அவருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் ஜெயசிங். ரெண்டு பேர் பிடிக்கிற சுமை என்றால் ஒரு முனை இவர், மறு முனை அவர். ‘தூக்கு’ என்றோ ‘இறக்கு’ என்றோ அவர்களுக்குள் பேச்சே கிடையாது. ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் மற்றவர் கை தானாகத் தூக்கும். செல்லசாமி மகள் லேகாவின் கல்யாணப் பந்தலில் முதல் ஆளாக நின்று சாப்பாட்டுக் காரியம் பார்த்தவர் ஜெயசிங்தான். ஜெயசிங் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் முதலில் வருவதும் செல்லசாமி வீட்டுக்குத்தான். கூடப்பிறந்தவர்கள்கூட இப்படி இருப்பார்களா என்பது சந்தேகம்.

போன மாம்பழக் காலத்தில்தான் செல்லசாமியின் வலது கை சதி செய்யத் தொடங்கியது. முதலில் சுண்டுவிரல் மரத்தது. அப்புறம் அதற்கு அடுத்தது, அப்புறம் நடுவிரல். ஒருநாள் காலையில் அடுப்பிலிருந்த சாயாப் பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்து, விரல் வெந்துகொண்டிருப்பது தெரியாமல் அப்படியே நின்றார். அதைப் பார்த்து அலறியவள் அவர் மனைவி ஸ்ரீகுமாரி. அவள் பிடுங்கல் தாங்காமல், தெரிந்த முகம் எதுவும் இல்லாத ஊராகப் பார்த்து பஸ் ஏறி ஒரு டாக்டரிடம் போனார்கள். கழுத்தெலும்பு நரம்பை நெரிக்கிறது, இனிமேல் தலையில் ஒரு தேங்காயைக்கூட வைக்கக்கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ஸ்ரீகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தாள். செல்லசாமி அவளிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான், இதை யாரிடமும் மூச்சுவிடக்கூடாது.

ஏன் என்று கேட்டால், பயம்தான். வேறென்ன? ஊருக்குள் செல்லசாமி என்றால் சுமை. சுமை இல்லாத செல்லசாமி யார் என்று அவருக்கே தெரியவில்லை. சுமட்டுத் தொழிலாளி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் எங்கே போய் நிற்பது? பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கின்றனவே, அதைவைத்து ஓட்டிவிடலாம் என்று இருந்தார்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் பியானோ வந்தது.

காரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மிஷன் ஆலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் காலத்து வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் கிடக்கிறார். அவருடைய கொள்ளுப்பேத்தி ஐஸ்லா ஸ்காட்லாந்தில் பெரிய பியானோக்காரி. சாதாரணப் பெரிய ஆள் இல்லை, ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அவர் வாசிப்பைக் கேட்க டிக்கெட் கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போவார்களாம். கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக்குப் பூ வைக்க வருகிறவர், அந்த ஆலயத்திலேயே ஒருநாள் சாயங்காலம் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். சபைக் கமிட்டிச் செயலாளர் ஞானசிகாமணி சாருக்குத் தலைகால் புரியவில்லை. கொச்சிக் கம்பெனி ஒன்றிலிருந்து லாரியில் பியானோ ஏற்பாடாயிற்று. கூடவே அனூஜ் என்ற பையனும், பியானோவைத் தூக்கி வைப்பதற்கென்றே பழகிய நாலு ஆட்களும் வந்தார்கள். அனூஜுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அந்தக் கம்பெனியில் ஸ்ருதி சேர்க்கிற வேலை.

லாரியைக் கண்டதும் செட்டு வந்து நின்றது. நுணுக்கமான சாமான், எங்கள் ஆட்களே இறக்கிக்கொள்வார்கள், அதற்குச் சட்டமும் இடம் தருகிறது என்று அனூஜ் மலையாளத்தில் மரியாதையாகத்தான் சொன்னான். செல்லசாமியும் ஒருவேளை விட்டுக்கொடுத்திருப்பார். நடுவில் புகுந்து கெடுத்தது ஞானசிகாமணி சார். நீங்கள் சும்மா அப்படி ஓரமாக நில்லுங்கள், உங்களுக்குள்ளதை நான் பார்த்துத் தந்துவிடுகிறேன் என்று தோளில் தட்டிச் சொன்னார். போதாதா? செல்லசாமிக்கு உச்சி சுட்டுவிட்டது.

“பாக்கதுக்கு வந்தவனுவ இல்ல சாரே நாங்க. தூக்கதுக்கு வந்தவனுவளாக்கும்.”

செல்லசாமிக்கு அன்றைக்கு மட்டும் ஒரு துளி ரோஷம் குறைவாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பேசிப்பேசிக் கடைசியில் ரெண்டு கூட்டமும் சேர்ந்தே தூக்குவது என்று முடிவானது. பியானோவின் கால்களையெல்லாம் கழற்றி, உடலைக் கம்பளியில் சுற்றிச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். வழக்கம்போல ஜெயசிங் ஒரு முனைக்குப் போய் எதிர்முனையைப் பார்த்தார். அங்கே செல்லசாமி இல்லை. நீ வேறு ஆளோடு பிடி, நான் முன்னால் போய் வழி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, லாரியில் கிடந்ததிலேயே சின்னப் பொதியாகப் பார்த்து எடுத்தார். ஜெயசிங் புருவத்தைச் சுருக்கிக்கொண்டே பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டுப் பிடித்தார்.

சின்னப் பொதி என்று எடுத்தாரே, அது பெடல் சட்டம். வாசிக்கிறவர் காலால் மிதிக்கிற மூன்று பித்தளைப் பெடலும் அதில்தான் இருக்கின்றன. பியானோவின் வயிற்றுக்கடியில் அதை மாட்டுவார்கள். விரலை எடுத்த பிறகும் நாதம் நின்று ஒலிக்கிறதே, அது அந்த மிதியால்தான். செல்லசாமிக்கு இதெல்லாம் தெரியாது. தலையில் வைத்து, பழக்கத்தில் வலது கையாலேயே பிடித்துக்கொண்டு ஆலயத்துப் படியேறினார். கடைசிப் படியில் கை அவரைக் கேட்காமல் விட்டுவிட்டது. பொதி கருங்கல்லில் போய் விழுந்தது. கம்பளிக்குள்ளே மரம் பிளக்கிற சத்தம், சின்னதுதான், அவருக்கு நன்றாகக் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். எல்லோரும் லாரிப்பக்கம் மும்முரமாக நின்றார்கள். இடது கையால் பொதியை அள்ளி எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தார்.

அனூஜ் அதைப் பிரித்து மாட்டியபோது செல்லசாமி பக்கத்திலேயே நின்றார். பிளவு கண்ணுக்குத் தெரியவில்லை. அனூஜ் கையால் பெடலை அமுக்கிப் பார்த்தான், சரியாகத்தான் இருந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று செல்லசாமி வாயைத் திறந்த நேரம் பார்த்து ஞானசிகாமணி சார் வந்து, ஒரு கீறல்கூடப் படாமல் இறக்கிவிட்டீர்களே, செல்லசாமி செட்டு என்றால் சும்மாவா என்று எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் ஆலயம் நிறைந்துவிட்டது. மெடிக்கல் காலேஜ் டாக்டர்மார், பொழியூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், திருவனந்தபுரத்துப் பெரிய மனுஷர்கள் என்று நல்ல கூட்டம். செட்டு முழுவதும் துவைத்த நீலச்சட்டையோடு கடைசி பெஞ்சில் இருந்தது. ஆரம்ப ஜெபம், பொன்னாடை, அப்புறம் ஞானசிகாமணி சாரின் வரவேற்புரை. அதை யாராவது முடித்து வைத்தால் தேவலை என்று இருந்தது. ஐஸ்லா அம்மா வாசிக்க உட்கார்ந்தார். மெலிந்த உருவம், நரை ஓடிய முடி. முதல் பாட்டு முடிந்ததும் ஒரு சத்தமும் இல்லை. ஆலயத்துக்குள் கைதட்டிப் பழக்கமில்லாத சபை அது. என்ன செய்வதென்று தெரியாமல் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் ஆமென் என்றார், சபையும் ஒன்றாக ஆமென் என்றது. அந்த அம்மா முகம் மலர்ந்து தலை குனிந்தார். பிறகு யாரோ டாக்டர் கைதட்டிக் காட்ட, அடுத்ததிலிருந்து எல்லோரும் தட்டினார்கள்.

செல்லசாமிக்குப் பாட்டு எங்கே காதில் விழுந்தது? அவர் கண் முழுக்க அந்த அம்மாவின் வலது காலில் இருந்தது. கால் கீழே போகும்போதெல்லாம் இவர் பெஞ்சின் விளிம்பை இறுக்கினார். அமுக்கிப் பார்த்தபோது தாங்கின மரம் மிதிக்குத் தாங்குமா? நாலாவது பாட்டு மெதுவாகத் தொடங்கிப் பெரிய மழைபோல இரைந்துகொண்டு ஏறியது. கால் ஓங்கி ஓங்கி மிதித்தது. நடுவில் ஒரு முனகல் கேட்டது. மரம் முனகுகிறது என்று ஆலயத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது. அடுத்த மிதியில் சட்டம் படக்கென்று பின்னால் மடங்கியது. நாதம் அறுந்தது. அந்த அம்மா ரெண்டு கையையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அனூஜ் ஓடிப்போய்க் கீழே குனிந்தான். ஞானசிகாமணி சாருக்கு அவமானம் தலைக்கேறிவிட்டது. வெள்ளைக்காரர் முன்னால் மானம் போயிற்றே, உளுத்துப்போன சாமானைக் கொண்டுவந்து மாட்டினாயா, இப்போதே உன் முதலாளிக்குப் போன் போடுகிறேன், நாளைக்கு நீ வேலையில் இருப்பாயா பார்க்கிறேன் என்று அத்தனை பேர் முன்னால் அவனைப் பொரித்தெடுத்தார். நான் பார்த்துத்தான் மாட்டினேன் சார் என்று சொல்லும்போது பையனுக்குக் குரல் உடைந்தது.

செல்லசாமி எழுந்தார். கடைசி பெஞ்சிலிருந்து முன்வரிசை வரைக்கும் நடந்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பாரம் சுமந்து நடந்திருக்கிறார், இன்றைக்கு வெறுங்கை.

“அந்தப் பயல ஏசாதேயும் சாரே. அவன்மேல ஒரு குத்தமும் இல்ல. படியில வச்சு நான் கீழ போட்டதாக்கும். எனக்க கை செத்துப்போச்சு.”

ஐஸ்லா அம்மா என்ன நடக்கிறது என்று கேட்க, ஒரு டாக்டரம்மா பக்கத்தில் போய் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா உடைந்த பெடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்து செல்லசாமியின் கையைப் பார்த்தார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்கிறார் என்றார் டாக்டரம்மா.

“இப்பம் கொஞ்ச நாளாத்தான்” என்றார் செல்லசாமி. பின்னால் செட்டு கேட்டுக்கொண்டிருக்கிறதே, வேறு என்ன சொல்லுவார்?

அனூஜ் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பியானோவுக்கு அடியில் படுத்து, சட்டத்தைத் தோளால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டால் மிச்சத்தையும் வாசித்துவிடலாம். செல்லசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் படுக்கிறேன், தோளுக்கு ஒன்றும் இல்லை என்று குனியப் போனார். அனூஜ் அவரைத் தடுத்துப் பிடித்தான். கோபமாக இல்லை, மிகவும் இதமாகத்தான் சொன்னான்.

“வேண்டா சேட்டா. அவிடே போய் இருந்நோளூ.”

போய் உட்கார்ந்துகொள் என்கிறான். செல்லசாமி திரும்பி நடந்தார். முகங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு போய் ஜெயசிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முன்னால் மறுபடியும் வாசிப்பு தொடங்கியது. ஜெயசிங் செல்லசாமியின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சுண்டுவிரலை நகத்தால் அழுத்தினார்.

“தெரியுதா?”

“இல்ல.”

அடுத்த விரல். இல்லை. நடுவிரல். அதுவும் இல்லை. ஆள்காட்டி விரலுக்கு வந்தபோது கொஞ்சம் உண்டு என்றார் செல்லசாமி. இத்தனை மாசம் ஒளித்து வைத்ததை யாரோ இப்படி மடியில் வைத்துப் பார்ப்பது ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது. எல்லாம் தீர்ந்தது, இனி ஜெயசிங் பார்த்துக்கொள்வான் என்றுகூட நினைத்துவிட்டார்.

“நெசம் சொல்லு. எப்பந்தொட்டு?”

“மாம்பழக் காலத்துலேருந்து.”

ஜெயசிங்கின் கை நின்றது. அவர் மனதில் ஏதோ கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

“அப்பம் ஓணத்துக்கு முன்ன, வங்கிக்கு மாடிப்படியில கிரானைட்டு ஏத்தினோமே. அன்னைக்கும் இந்தக் கைதானா?”

செல்லசாமி ஆமாம் என்று தலையாட்டினார்.

“நீ மேல நின்ன. கீழ்ப்படியில நின்னது நானாக்கும், செல்லா.”

ஜெயசிங் அந்தக் கையை மடியிலிருந்து எடுத்து, பெஞ்சில் ரெண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். வைத்துவிட்டு முன்னால் பார்க்கத் தொடங்கினார்.

கடைசிப் பாட்டும் முடிந்தது. பியானோவுக்கு அடியிலிருந்து அனூஜ் தூசியோடு எழுந்து வர, ஐஸ்லா அம்மா அவன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். ஆலயம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. செல்லசாமியும் எழுந்து தட்டினார். ஜெயசிங் எழும்பவில்லை, தட்டவும் இல்லை.