பேராச்சி தொடாத தோல்

புருஷன் பிச்சையாவுக்கு வேறு எந்தப் பைத்தியம் பிடித்திருந்தாலும் பேராச்சி பொறுத்துக்கொண்டிருப்பாள். புறா வளர்க்கிறான், சீட்டாடுகிறான், குஸ்தி பார்க்கப் போகிறான் என்றால் ஆண்பிள்ளை அப்படித்தான் என்று விட்டிருப்பாள். அவனுக்குப் பிடித்தது தோல் பைத்தியம். அதுவும் தாராவியில்! கண் விழித்தால் தோல் பதனிடுகிற கிட்டங்கிகளின் நாற்றம், மழை பெய்தால் தெருவோடு ஓடுவது தோல் ஊறிய தண்ணீர். அங்கே தோலைத் தொட்டுப் பிழைக்கிறவனெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது அந்தச் சனியன் கண்ணில் படாமல் இருக்காதா என்று ஏங்கிக்கொண்டிருக்க, இவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைக்கென்றே அதைக் காசு கொடுத்து வாங்கிவந்து மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

பேராச்சி பிறந்ததே ஒரு தோல் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த குடிசையில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த அப்பாவும் அம்மாவும் அந்தக் கிட்டங்கியிலேயே உழைத்து ஓய்ந்தவர்கள். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலை மயிர் போகச் சுரண்டிச் சுரண்டி அம்மாவின் விரலிடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். குழம்புச் சோற்றைப் பிசையும்போது எரிச்சல் தாங்காமல் முகத்தைச் சுளிப்பாள். பேராச்சியும் பாவாடை கட்டிய வயதிலேயே குத்தூசியும் நூலுமாக உட்கார்ந்து பை தைத்தவள்தான். அவள் தையலைப் பார்த்துக் கிட்டங்கிக்காரர்கள் மெச்சுவார்கள். அந்த மெச்சுதலை அவள் ஒருநாளும் விரும்பியதில்லை. ஒருமுறை ட்ராமில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண், மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு எழுந்து போய்த் தூர நின்றுகொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பேராச்சி அம்மாவிடம் சொல்லிவிட்டாள்: கட்டிக்கொண்டால் தோல் வேலை பார்க்காதவனைத்தான் கட்டிக்கொள்வேன், கழுத்தில் தாலி ஏறின பிறகு தோலை விரலால்கூடத் தொடமாட்டேன்.

அப்படி வந்தவன்தான் பிச்சையா. செம்பூர்ப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் ஃபிட்டர். பெண் பார்க்க வந்தபோது அவன் சட்டையில் இயந்திர எண்ணெய் வாடை அடித்தது. அதைவிட நல்ல வாசனை உலகத்தில் கிடையாது என்று பேராச்சிக்குப் பட்டது. கல்யாணமும் ஆயிற்று. தாராவியிலேயே ஒற்றை அறையில் குடித்தனம் என்றாலும், பட்டறைக்காரர்கள் செம்பூரில் தொழிலாளிகளுக்கு அறைகள் கட்டுகிறார்கள், உள்ளேயே தண்ணீர்க் குழாய், காற்றுக்கு ஜன்னல் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் மனசு அங்கேயே குடிபோய்விட்டது. துவைத்த சேலையைக் கொடியில் போட்டால் அது சேலை வாசனையோடு காயவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துப் பழைய சாமான்கள் சோர் பஜாரில் வந்து குவிந்த சமயம் அது. பிச்சையா அங்கே ஒரு தோல் பையை வாங்கி வந்து, தையலைப் பிரித்துப் பாகம் பாகமாகத் தரையில் பரப்பி, ஒரு இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவன் போல வியந்தான். அன்றைக்குப் பிடித்ததுதான். அடுத்த ஞாயிறு ஒரு துண்டுத் தோல் வந்தது. பிறகு கத்தி வந்தது, கட்டை வந்தது, குத்தூசியும் நூல்கண்டும் வந்தது.

சரி, செய்கிறவன் உருப்படியாகச் செய்தானா? அதுவும் இல்லை. இரும்பைச் செய்கிற மாதிரியே தோலையும் செய்தான். ஓரத்தை அரத்தால் ராவினான். அது பிசிர் பிசிராக எழுந்து நின்றது. நழுவுகிறதென்று இடுக்கியில் கவ்வி இறுக்கினான். இடுக்கியின் பல்லெல்லாம் தோலில் பதிந்து, நாய் கடித்த மாதிரி ஆயிற்று. துளை போடுவதற்குத் துரப்பணத்தைக் கொண்டுவந்தான். தையலை மரை முடுக்குகிற மாதிரி பல்லைக் கடித்து இழுத்தான். துளைக்குத் துளை கிழிந்துகொண்டு வந்தது.

பேராச்சி அடுப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். வயிறு எரியும். கத்தியை அழுத்தி அறுக்கக் கூடாது, நன்றாகத் தீட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு பூசி, விரலில் இழுத்தால் கீச்சென்று சத்தம் வரவேண்டும். நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுமாக விட்டு, நூல் தோலில் படிந்ததும் கையை நிறுத்திவிடவேண்டும். கிட்டங்கிக்குப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிகிற விஷயம். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் பைத்தியம் முற்றிவிடும், கெடுத்துக் கெடுத்துத் தானாகவே சலித்துப்போகட்டும் என்பது அவள் கணக்கு.

எங்கே சலித்தான்! தனக்கென்று ஒரு இடுப்பு வார் செய்துகொண்டான். மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தோலில் வார் வெட்டினால் அது இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும், முதுகுத் தோலில்தான் வெட்டவேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சில நாளில் வார் நீண்டு தொங்கியது. பட்டறையில் ஒரு கையால் சுத்தியலையும் மறு கையால் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டு வேலை பார்த்துவிட்டு வந்தான். வந்து, "இந்தத் தோலு சரியில்ல, பேராச்சி. அடுத்த தடவ நல்ல தோலா வாங்கணும்" என்றான். அவள் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

கிட்டங்கியில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் கோமதிநாயகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இந்தக் கூத்தைப் பார்த்தான். வயிறு வலிக்கச் சிரித்தான்.

"மாப்ள, நாங்க கூலிக்குக்கூடத் தொடாம இருக்க மாட்டோமான்னு இருக்கோம். நீரு என்னவே, ஆசையாத் தொடுதீரு?"

"தொடத் தொடத்தான் அத்தான் அதோட அரும தெரியுது" என்றான் பிச்சையா, முகமெல்லாம் பல்லாக.

"அரும தெரிஞ்சவருக்கு எண்ண போடணும்னு தெரியாதா? காஞ்சு வறட்டியாக் கெடக்கே" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்ச் சேர்ந்தான். எவ்வளவு எண்ணெய் என்று சொல்லித் தொலைத்தானா? பிச்சையா தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் தோலின் மேல் கவிழ்த்தான். ஆடி மழையில் அது பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூத்தது. எலி வேறு வந்து ஒரு மூலையைத் தின்றுவிட்டுப் போயிற்று. புட்டி காலியானதில் குழம்புக்குத் தாளிக்கவும் எண்ணெய் இல்லை.

"ஏங்க, மனுசிக்குத் தல தேய்க்க எண்ண இல்ல, உங்க தோலுக்கு எண்ணக் குளிப்பு கேக்குதோ?" என்று அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கத்தினாள். அவன் பூசணத்தைத் துடைத்துக்கொண்டே, "துடைச்சா போயிரும்ட்டி" என்றான்.

இப்படி இருக்கும்போதுதான் பட்டறை ஃபோர்மேன் சாவந்த் காதுக்கு இவனுடைய தோல் வேலை எட்டியது. வார் கதையாக எட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தோலில் கைவேலை செய்கிறான்" என்று எவனோ புகழ்ந்து வைத்துவிட்டான். தன்னுடைய அளவுக் கருவிக்கு ஓர் உறை செய்து தரச் சொல்லி அவர் கேட்டார். புதிய அறைகளில் யார் யாருக்கு இடம் என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். பிச்சையாவுக்கு ஓர் அறை தருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். பேராச்சி அந்த அறையைத்தான் நினைத்தாள். இந்த லட்சணத்தில் ஓர் உறையை அவர் கையில் கொடுத்தால், கேலி செய்கிறான் என்று நினைத்து அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால்?

உறை தயாராயிற்று. அதைப் பார்த்ததும் அவள் பயந்தது சரியென்று தெரிந்துபோயிற்று. மடிப்பு கட்டைவிரல் தடிமனுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. தையல் குடிகாரன் நடையாகப் போயிருந்தது. அவன் அதைப் பெட்டியின் மேல் பெருமையாக வைத்துவிட்டு, "இன்னிக்குக் காயட்டும், நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும்" என்று சொல்லி வேலைக்குப் போனான்.

பேராச்சி கதவைச் சாத்தினாள். அந்த உறைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எழுந்தாள். பானையிலிருந்து தண்ணீர் மோந்து குடித்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள். 'ஒரே ஒரு தடவை, குழாய் உள்ள அந்த அறைக்காக' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைக் கையில் எடுத்தாள்.

தையலையெல்லாம் பிரித்தாள். ஈரத் துணியால் ஒற்றித் தோலை இளக்கினாள். மடிகிற இடத்தில் உள்பக்கத்தை மட்டும் கத்தியால் மெல்லச் சீவி, காகிதமாக இளைக்கவைத்தாள். அவன் போட்ட துளைகள் தெரியாமல் ஓரத்தைச் சுற்றிலும் ஒரு கீற்று வெட்டி எடுத்தாள். உள்ளே தாராளமாக இடம் விட்டிருந்தான், நல்லவேளை. வெயிலும் இல்லை, இருந்தாலும் வெயிலில் வைக்கக் கூடாது. நிழலில் காற்றாட வைத்தாள். காய்ந்ததும் சீப்பை அழுத்திப் பல் தடம் பதித்து, தடத்துக்குத் தடம் குத்தூசியால் ஒரே சாய்வில் குத்தினாள். முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு ஊசியால் தைத்தாள். கடைசியில் ஓரத்தை ஈரவிரலால் தடவி, அகப்பைக் காம்பால் தேய் தேயென்று தேய்த்தாள். ஓரம் பளபளத்தது. கை எதையும் மறக்கவில்லை என்று தெரிந்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது.

சாயங்காலம் வந்தவன் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏட்டி, காஞ்சதும் எப்பிடி அமைஞ்சிட்டு பாத்தியா! காயக் காயத் தையலும் தானா ஒழுங்காயிரும் போல. ஓரம்கூட மினுங்குது. என்ன, மழைக்குக் கொஞ்சம் சுருங்கிட்டு."

ரோமத்தின் கனத்தை அளந்து சொல்கிற ஃபிட்டர் பேசுகிற பேச்சா இது! பேராச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு சோற்றைப் போட்டாள்.

மறுநாள் அவன் மழையில் நனைந்துகொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"சாவந்த் சாப் அசந்துட்டாரு, பேராச்சி! 'பஹுத் அச்சா, பஹுத் அச்சா'ன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுதாரு. எனக்குக் கைராசி இருக்காம். நானும் அங்கனயே ஒரு முடிவு பண்ணிட்டேன்."

"என்ன முடிவு?"

"அந்த ரூம்ல தோல் வேல செய்ய விடமாட்டாவளாம். நாத்தம்னு சட்டமாம். அப்பம் நமக்கு எதுக்கு அந்த ரூமு? வேற யாருக்காவது குடுத்துருங்க சாப்ன்னுட்டேன். தோலுக்கு தாராவிய விட்டா வேற எடம் ஏது?"

பேராச்சி விறுவிறுவென்று போய்க் கழிவுத் துண்டு ஒன்றையும் குத்தூசியையும் நூலையும் எடுத்து அவன் முன்னால் வீசினாள்.

"தையுங்க."

"இப்பமா?"

"இப்பம்தான். உறையில இருந்த மாதிரி நாலு தையல் தையுங்க, பாக்கேன்."

அவன் சிரித்துக்கொண்டே தொடங்கினான். முதல் தையல் கோணிற்று. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதற்கு அவள் பொறுக்கவில்லை. துண்டை வெடுக்கென்று பிடுங்கி, முழங்காலில் இடுக்கி, அவன் பார்க்கப் பார்க்கத் தைத்தாள். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போயிற்று.

"தச்சது நீயாட்டி?"

"நாந்தான்! சாவந்த் சாப் உங்க மூஞ்சில விட்டெறிஞ்சிருவாருன்னு பயந்து தச்சேன். இந்த நாத்தத்தவிட்டு ஒரு நாளாவது வெளிய கெடக்கணும்னு தச்சேன். எங்க அம்மா கையப் பாத்திருக்கியளா நீங்க? தொடமாட்டேன்னு சொல்லி உங்களக் கட்டிக்கிட்டு வந்தேன். என் கையாலயே என்னய இங்கயே கட்டிப்போட்டாச்சு. சந்தோசமா?"

பிச்சையா அவள் தைத்த துண்டை எடுத்துப் பார்த்தான். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, மாஹிமில் இருக்கும் சாவந்தின் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனான். பேராச்சி அவன் போனதைத் தடுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. போனவன் அங்கேயும் ஏதாவது உளறிவைப்பான் என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"ரூமு நமக்குத்தான். இன்னும் யாருக்கும் சொல்லலியாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உறைய நீதான் தச்சன்னு சொல்லிட்டேன். அப்பம் அவரு தம்பிக்கும் ஒண்ணு உன்னயவே தச்சித் தரச் சொன்னாரு."

"என்ன சொன்னிய?"

"அவ தோலத் தொடமாட்டா சாப், எனக்காவ ஒரு தடவ தொட்டுட்டா, இனிமே கேக்காதிய அப்படின்னு சொல்லிட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றையாவது இந்த மனுஷன் காதில் வாங்கியிருக்கிறான். பேராச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அப்பம் அவரு தம்பிக்கு உற வேண்டாமாமா?"

பிச்சையா தலையைச் சொறிந்தான்.

"அத நாந்தான் செஞ்சி தாரேன்னு சொல்லியிருக்கேன். ரூமுக்குப் போறதுக்கு முன்ன, இங்க வச்சே முடிச்சிரலாம்லா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் வரும்படி இன்னொரு தடவையும் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"தோல எடுங்க. வாயால சொல்லுதேன். தொடமாட்டேன்."